நடந்தவள் ஒருத்தி, பதிவானவன் ஒருவன்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியின் பயிற்சிப் பிரிவிலிருந்து ரேவதி கூப்பிட்டாள். "மேடம், டேட்டா பாதுகாப்புக்கான புதுச் சட்டத்துக்காக சம்மதப் படிவம் ஒண்ணு வந்திருக்கு. பீக்கன்னா என்ன, அதுக்கு ஏன் சம்மதம் வாங்கணும்னு புது ஸ்டாஃபுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. உங்க காலத்துல பிரச்சினை ஏதாவது வந்திருந்தா அதையும் சேர்த்துடுங்க."

"எவ்வளவு பிரச்சினை வரைக்கும் தாங்குவீங்க?" என்று கேட்டேன். சிரித்தாள். இரண்டு பக்கம் என்பது எட்டுப் பக்கம் ஆனது. அதில் அவளுக்கு வேண்டியது முதல் ஒன்றரைப் பக்கம்தான். மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் முழுவதையும் இந்தப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. இன்னும் அவர்கள் கடையில்தான் அரிசி வாங்குகிறேன்.

மளிகை, மருந்து, பாத்திரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடைத்தொடர் அது. ராயபுரத்தில் ஒரு கடையாக இருந்தபோது சேர்ந்தேன்; எண்ணூர் வரை பரவிய பிறகு ஓய்வு பெற்றேன். முப்பத்தோரு வருடம். முதுகலை வரலாறு படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டார்கள். வேலை என்னவென்றால், அலமாரிகளுக்கு நடுவில் ஓர் அட்டையும் பென்சிலுமாக நிற்பது. அட்டையில் நான்கு கட்டங்கள்: நின்றார், எடுத்தார், திரும்ப வைத்தார், வாங்கினார். சோப்பு அலமாரியில் ஒருவர் நின்றால் முதல் கட்டத்தில் ஒரு கோடு. எடுத்தால் இரண்டாவதில். மாலையில் கோடுகளை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

மீன் மார்க்கெட்டிலிருந்து வரும் பெண்கள் இதை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா கண்ணு, நான் சோப்பைப் பார்த்துகினு கீறேன், நீ என்னைப் பார்த்துகினு கீற. உன்னை யாருன்னா பார்த்துகினு கீறாங்களா?" என்று கேட்டார். அப்போது தள மேலாளராக இருந்த ராஜநாயகம் சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "நான் பார்க்கிறேம்மா" என்றார், சிரிக்காமல். என்னிடம், "கேட்டால் அட்டையைக் காட்டிவிடு" என்றார். காட்டினேன். அந்த அம்மா கோடுகளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராஜநாயகம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் எந்தத் தாளையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று, வரிக்கு அடியில் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக ஸ்கேலைக் கீழே நகர்த்திப் படிப்பார். முடித்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பத்தி?" நடைமுறைக் கையேட்டில் எந்தப் பத்தியின் கீழ் இதைச் செய்கிறீர்கள் என்று பொருள். பத்தி எண் சொன்னால் கையெழுத்து. சொல்லாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தாளை எடுப்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பிற்பாடு அவர் மண்டல மேலாளரானபோது என்னை நடைமுறை அலுவலராகப் போட்டார். கையேட்டின் இரண்டாம் பதிப்பை நாங்கள் இருவரும்தான் எழுதினோம்.

பென்சில் போய்ப் பீக்கன் வந்தது. சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அலமாரியின் அடித்தட்டில், குனிந்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒட்டியிருப்போம். அதற்குக் கண் இல்லை, காது இல்லை. "நான் பதினேழு, நான் பதினேழு" என்று தன் எண்ணை மட்டும் ப்ளூடூத்தில் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கேட்பது உங்கள் கைபேசி. எங்கள் ஆப் அதில் இருந்தால், பதினேழாம் எண் பெட்டியின் அருகில் இத்தனை மணிக்கு, இத்தனை விநாடி நின்றார் என்று அது தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். வேவு பார்ப்பது நாங்கள் ஒட்டிய பெட்டி இல்லை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஃபோன் என்பதைப் புதியவர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரமாகும். வாசல் பெட்டி வருகையைப் பதியும். அலமாரியில் நாற்பது விநாடிக்கு மேல் நின்றால் பெயர் சொல்லி ஒரு சலுகைச் செய்தி வரும்.

இதற்கெல்லாம் வாடிக்கையாளர் சம்மதம் இருந்ததா என்று ரேவதியின் படிவம் கேட்கிறது. இருந்தது. ஆப்பை ஏற்றிக்கொண்டால் ஒரு கிலோ சர்க்கரை இலவசம். வாடிக்கையாளர் ஃபோனை கவுன்ட்டரில் நீட்டுவார். எங்கள் ஊழியரே வாங்கி, ஆப்பை இறக்கி, அது கேட்கும் எல்லாக் கேள்விக்கும் "அனுமதி" என்று அழுத்தி, சர்க்கரையோடு திருப்பிக் கொடுப்பார். கேட்டதும் நாங்கள், சம்மதித்ததும் நாங்கள்.

மின்னஞ்சலில் இதற்கு ஒரு தம்பி உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தை மெயிலுக்குள் வைத்து அனுப்புவார்கள். மெயிலைத் திறந்ததும் அந்தப் படம் அனுப்பியவரின் கணினியிலிருந்து வரும். அப்போது யார் எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது பதிவாகிவிடும். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியதோடு நிற்காமல் ஊழியர் சுற்றறிக்கைகளிலும் அதை வைத்தார்கள். நான் மெயிலில் படங்களை நிறுத்தி வைத்திருப்பவள். ஒரு நாள் எனக்கு மெமோ வந்தது: "தாங்கள் கடந்த ஓராண்டாக ஒரு சுற்றறிக்கையைக்கூடப் படிக்கவில்லை." அவற்றில் பாதியை எழுதியவள் நான். அப்படியே பதில் எழுதினேன். அந்தப் பதிலை அவர்கள் திறந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் புள்ளி இல்லை.

இனி அந்த வியாழக்கிழமை.

எண்ணூர் கிளைக்கு மாதம் ஒரு முறை பீக்கன் சோதனைக்குப் போவேன். அங்கே உப்புக் காற்றும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சேர்ந்து பேட்டரி முனைகளில் பூத்துவிடும். குழந்தை உணவு அலமாரிக்குக் கீழே டார்ச்சோடு மண்டியிட்டு, பேட்டரியை மாற்றிப் பெட்டியை ஒட்டிவிட்டு எழப்போனேன். எதிரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்து நின்றது. இறால் தோலின் வாடை. மேலே ஒரு ஃபோன் "டிங்" என்றது. செருப்புகள் பின்னால் நகர்ந்தன. ஒரு பால்பவுடர் டப்பா உருண்டு என் முழங்காலில் இடித்தது.

எழுந்து பார்த்தால், இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவரு இங்க வந்துகிறாரா?"

"யாரு?"

ஃபோனை நீட்டினாள். எங்கள் ஆப்பின் பச்சைக் கட்டம். "வணக்கம் பாஸ்கர்! குழந்தை உணவு பார்க்கிறீர்களா? இன்று மட்டும் சிறப்புச் சலுகை."

பாஸ்கர் அவள் கணவன். இரண்டு பெயர்களையும் மாற்றி எழுதுகிறேன். அவளை சுமதி என்று வைத்துக்கொள்வோம். அவளை மருந்துப் பிரிவின் பின்னால் உள்ள ஸ்டோர் அறையில் உட்காரவைத்து, நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீடு மணலியில். பாஸ்கர் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். அவன் அடித்ததில் அவளுக்கு இடது காது கேட்பதில்லை. நான் பேசும்போது வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் போனதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காத்திவாக்கத்தில் இருக்கும் தோழி வீட்டுக்கு வந்துவிட்டாள். திங்கள் முதல் தோழியோடு இறால் உரிக்கப் போகிறாள். பெண்கள் உதவி மையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பாதுகாப்பு உத்தரவு வரும்வரை இருக்குமிடம் அவனுக்குத் தெரியவே கூடாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

"தெரிஞ்சா?"

"போன வாட்டி எங்க அம்மா வூட்டுக்குப் போனேன். கண்டுபிடிச்சி வந்தான். அன்னிக்குத்தான் காது போச்சு." சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

ஃபோன் விஷயம் எனக்கு உடனே புரிந்தது. பாஸ்கர் புது ஃபோன் வாங்கியபோது பழையதை மனைவியிடம் கொடுத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் மனைவியின் ஃபோன் என்பது பெரும்பாலும் கணவனின் பழைய ஃபோன்தான். சிம் மாறும். உள்ளே இருக்கும் ஆப்பும் அதன் கணக்கும் அவன் பெயரிலேயே இருக்கும். போதாததற்கு, பில் போடும்போது நம்பர் கேட்டதும் அவன் நம்பரையே சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு ஒரு நம்பர் சொல்லிப் பாயின்ட் சேர்ப்பது எல்லோருக்கும் பழக்கம். தன் புது நம்பர் அவளுக்கு இன்னும் மனப்பாடமாகவில்லை.

அவள் ஃபோனில் ப்ளூடூத்தை நிறுத்தி, ஆப்பை அழித்தேன். அதற்கு ஒரு நிமிடம். பிறகு அலுவலக அறைக்குப் போய்க் கணினியில் கணக்கைத் திறந்தேன். வாடிக்கையாளர்: பாஸ்கர். வழக்கமான கிளை: மணலி. இந்த வார வருகை: எண்ணூர், திங்கள் 5.42, புதன் 5.50, வியாழன் 5.38. விருப்பப் பகுதி: குழந்தை உணவு.

ஆப்பை அழித்தது ஃபோனில்தான். இது எங்களிடம் இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் "உங்கள் வாரம்" என்று ஒரு குறுஞ்செய்தி போகும். எந்தக் கிளை, எத்தனை முறை, எந்த நேரம், என்ன பிடித்தது, எல்லாம் அதில் இருக்கும். பாஸ்கரின் புது ஃபோனில் ஆப் இல்லை. ஆனால் நம்பர் பழைய நம்பர்தான். ஒரு நாளும் எண்ணூர் கடைக்கு வந்திராத அவனுக்கு, இந்த வாரம் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் மூன்று முறை வந்து குழந்தை உணவு பார்த்ததாகச் சனிக்கிழமை தெரியவரும். இதைப் புரிந்துகொள்ள அவன் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை.

தலைமை அலுவலகத்தில் விளம்பரப் பிரிவின் கௌதமைக் கூப்பிட்டேன். நல்ல பையன், மரியாதையானவன், என்னை எப்போதும் முழுதாகப் பேசவிடுவான்.

"மேடம், அக்கவுன்ட் ஹோல்டர் ரிக்வெஸ்ட் இல்லாம எதையும் டச் பண்ண முடியாது. டேட்டா அவரோடது."

"நடந்தது இந்தப் பொண்ணு, கௌதம்."

"புரியுது மேடம். ஆனா சிஸ்டத்துல அவர்தான் நடந்திருக்காரு."

"அந்த ஒரு மெசேஜை மட்டும் நிறுத்த முடியுமா?"

"ஒருத்தருக்கு மட்டும் நிறுத்த ஆப்ஷன் இல்ல. ஹிஸ்டரியை டெலீட் பண்ணலாம். ரெண்டே நிமிஷம். ஒரு ஓடிபி மட்டும் சொன்னா போதும்."

"அந்த ஓடிபி யாருக்குப் போகும்?"

"அவருக்குத்தான் மேடம். அவர் பிரைவசியைப் பாதுகாக்கத்தானே ஓடிபி."

கௌதம் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

அன்று இரவு கையேட்டை முதல் பத்தியிலிருந்து படித்தேன். நான் எழுதியதுதான் என்றாலும் இப்படித் திருடன் ஜன்னல் தேடுவது போல ஒரு நாளும் படித்ததில்லை. ஓடிபி இல்லாமல் கணக்கை மூட ஒரே ஒரு பத்தி இருந்தது. பத்தி இருபத்து மூன்று: கணக்குதாரரின் மரணம்.

அந்தப் பத்திக்கு ஒரு கதை உண்டு. திருவொற்றியூரில் ஒருவர் இறந்துபோன பதினாறாம் நாள் அவர் ஃபோனுக்கு எங்கள் செய்தி போனது: "உங்களை ரொம்ப நாளாகக் காணோமே! எங்கே போய்விட்டீர்கள்?" அவர் மனைவி அந்த ஃபோனைக் கடைக்கே கொண்டுவந்து மேலாளர் மேசையில் வைத்து, "நீங்களே பதில் சொல்லிடுங்க" என்றார். அதன் பிறகு ராஜநாயகம் சாரும் நானும் உட்கார்ந்து, சரியாகச் சொன்னால் அவர் நிற்க நான் உட்கார்ந்து, எழுதியதுதான் இருபத்து மூன்று. கிளை ஊழியர் இருவர் "நேரில் அறிவோம்" என்று சான்றளித்தால் போதும். சான்றிதழ் நகலை முப்பது நாளில் சேர்க்கலாம். மாலை ஆறு மணிக்குள் ஏற்றினால் அன்றே கணக்கு மூடப்படும். வருகைப் பதிவுகள் முழுவதும் அழிக்கப்படும். அந்த எண்ணுக்கு அதன் பின் எந்தச் செய்தியும் போகாது, அனுதாபச் செய்தி உட்பட. அனுதாபமும் வேண்டாம் என்று சேர்த்தவர் சார்.

வெள்ளிக்கிழமை காலை ராயபுரம் அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். நின்றார். ஸ்கேலை வைத்தார். பதினோரு வரி, பதினோரு முறை நகர்த்தினார்.

"எந்தப் பத்தி?"

"இருபத்து மூணு சார்."

"ஆள் இறந்துட்டாரா?"

"இல்ல சார்."

"அப்போ இருபத்து மூணு இல்ல."

"வேற பத்தி இல்ல சார்."

"தெரியும். நானும்தானே எழுதினேன்." தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "அந்தப் பொண்ணு பேரு இதுல இருக்கு. இதைக் கிழிச்சுடுங்க. நீங்க செஞ்சா அவன் புகார் குடுப்பான். விசாரணை என்கிட்டதான் வரும். நான் ஒழுங்காத்தான் நடத்துவேன்."

"தெரியும் சார்."

அவ்வளவுதான் பேசினோம். அவர் அடுத்த தாளை எடுத்துவிட்டார்.

மதியம் எண்ணூருக்கு வந்து படிவத்தை எடுத்தேன். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவதற்குக் கவுன்ட்டரில் இருந்த பெண்களைக் கேட்க மனம் வரவில்லை. அவர்களுக்கு இன்னும் முப்பது வருடம் வேலை இருக்கிறது. வாசலில் இருந்த காவலாளி மாரி அண்ணனைக் கூப்பிட்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்து, எங்களிடம் வந்தவர். சட்டப்படி அவரும் கிளை ஊழியர்தான். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன், வேலை போகலாம் என்பதையும் சேர்த்து.

"செத்துட்டான்னு எழுதணும், அவ்ளோதானே? குடு மேடம்."

"நேரில் அறிவோம்னு போட்டிருக்கு அண்ணே."

"இந்த மாதிரி ஆளுங்களை எனக்கு நேர்லயே நல்லாத் தெரியும்." கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டத்தைப் பார்த்தார். "மரண நாளுன்னு கேக்குதே. நேத்துன்னு போடு. நேத்து நாளு நல்லா இருந்துச்சு."

தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரையே எழுதினேன். எங்கேயும் அவள் பெயர் வரக் கூடாது. ஆனால் அவளுக்குச் சொல்லாமல் ஏற்றவும் முடியவில்லை. ஐந்தரைக்கு இறால் கொட்டகையிலிருந்து நேராக வந்தாள். படிவத்தைக் காட்டினேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கை கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிறு ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

"அக்கா, பொய்யா எழுதினா நெசமா ஆய்டுமா?"

"ஆகாது. ஆகும்னா எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் இருக்க மாட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. குழந்தை படிவத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. அதன் விரலை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"நல்லா இருந்த நாளும் கீது அக்கா" என்றாள். மாரி அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் கடிகாரம் ஐந்து ஐம்பது. நான் அவசரப்படுத்தவில்லை என்று எழுத ஆசைதான். "ஆறு மணிக்குள்ள ஏத்தணும்மா" என்றேன்.

"எழுதுங்க" என்றாள்.

ஐந்து ஐம்பத்து நான்குக்கு ஏற்றினேன். திரையில் பாஸ்கரின் பெயர் சாம்பல் நிறமானது. வருகைகள்: இல்லை. விருப்பப் பகுதி: இல்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு என் ஃபோனுக்கு "உங்கள் வாரம்" வந்தது, எல்லோருக்கும் வந்தது. அவனுக்குப் போகவில்லை என்பதைச் செய்தி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலில் இரண்டு முறை சரிபார்த்தேன்.

பத்து நாள் கழித்து மணலி கிளை மேலாளர் கூப்பிட்டார். பேச முடியாமல் சிரித்தார். பில் போட வந்த ஒருவர் நம்பரைச் சொன்னதும் கவுன்ட்டர் பெண், "சார், இந்த நம்பர்ல இருக்கிறவர் இறந்துட்டதா காட்டுது" என்றிருக்கிறாள்.

"யோவ், நான்தான்யா அது! எவன்யா என்னை சாவடிச்சது?"

"சிஸ்டம் காட்டுது சார்."

வரிசையில் பின்னால் நின்ற பெரியவர், "நைனா, நீ கொஞ்சம் தள்ளி நில்லு. உசுரோட இருக்கறவங்க பில்லு போட்டுகினு போறோம்" என்றிருக்கிறார். கடை முழுக்கச் சிரிப்பு. பாஸ்கர் பில் மெஷினைத் தள்ளிவிட்டான். அடையாள அட்டையோடு நேரில் வந்து உயிரோடு இருப்பதை உறுதி செய்யும் படிவம் ஒன்று கையேட்டில் இருக்கிறது. அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு, எழுத்தில் ஒரு புகாரும் கொடுத்தான். கணக்குத் திரும்பத் திறந்தது, பழைய வருகை ஒன்றுகூட இல்லாமல்.

விசாரணை ராயபுரத்தில். ராஜநாயகம் சார் சொன்னபடியே ஒழுங்காக நடத்தினார். கேள்விகளை அச்சடித்து வைத்திருந்தார். நின்றுகொண்டே கேட்டார். நான் சொன்ன பதிலைத் தட்டச்சர் அடிக்க, ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தார்.

"படிவத்தில் கையெழுத்திட்டபோது கணக்குதாரர் உயிரோடு இருப்பது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்தும் கையெழுத்திட்டதற்குக் காரணம்?"

நான் வாயைத் திறக்குமுன் அவர் கையேட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, என் பக்கம் திருப்பி, ஒரு வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்தார். பத்தி முப்பத்து ஒன்று: விசாரணையில் பதிவான அனைத்தின் நகலையும் புகார்தாரர் கேட்டுப் பெறலாம். புகார்தாரர் பாஸ்கர். நான் என்ன சொன்னாலும் அது அவன் வீட்டுக்குப் போகும்.

"காரணம் எதுவும் சொல்ல விரும்பவில்லை" என்றேன்.

"காரணம் கூறவில்லை" என்று தட்டச்சரிடம் சொன்னார். ஸ்கேலை எடுத்துக்கொண்டார்.

காரணமே இல்லாமல் ஒரு வாடிக்கையாளரைச் சாகடித்தவள் என்று என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. எழுத்து மூலம் கண்டனம், ஒரு வருடம் ஊதிய உயர்வு நிறுத்தம். தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கும் மாரி அண்ணன், "எனக்குப் படிக்கத் தெரியாது சார், மேடம் போடச் சொன்னாங்கோ, போட்டேன்" என்று நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே நடித்துத் தப்பித்தார். பாஸ்கர் நகல் கேட்டு வாங்கிப் போனான். அதில் எண்ணூர் என்ற சொல் கிளை முத்திரையில்கூட வராதபடி, படிவம் மண்டல அலுவலகத்தில் பெறப்பட்டதாக சார் பதிந்திருந்தார். அதற்கு எந்தப் பத்தி என்று நான் கேட்கவில்லை.

சுமதிக்கு இரண்டு மாதத்தில் உத்தரவு கிடைத்தது. அதன் பிறகும் கொஞ்ச நாள் கொட்டகை வேலைக்குப் போனாள், பிறகு ஊர் மாறிவிட்டாள். எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாதவரை யாருக்கும் சொல்ல முடியாது.

கம்பெனி இதிலிருந்து பாடம் கற்றது. கற்காமல் இருக்குமா? மூன்று வாரத்தில் பத்தி இருபத்து மூன்று திருத்தப்பட்டது. முறைகேட்டைத் தவிர்க்கும் பொருட்டு, இனிமேல் கணக்குதாரரின் மரணத்தைப் பதிவு செய்யும்போது, உறுதிப்படுத்துவதற்காக அவருடைய எண்ணுக்கு ஓர் ஓடிபி அனுப்பப்படும். அந்தச் சுற்றறிக்கையின் தமிழ் வாசகத்தை எழுதிக் கொடுக்கும்படி எனக்கே வந்தது. எழுதிக் கொடுத்தேன், பிழையில்லாமல்.

ஓய்வு பெறுவதற்கு ஏழு மாதம் இருக்கும்போது திருவொற்றியூர் கிளையில் இன்னொரு பெண் வந்தாள். அதே பழைய ஃபோன், அதே பச்சைக் கட்டம், அதில் இன்னொருவன் பெயர். வெள்ளிக்கிழமை மாலை. கௌதமைக் கூப்பிட்டேன், அவன் வருத்தப்பட்டான். ராஜநாயகம் சார் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். கையேட்டில் மிச்சம் எதுவும் இல்லை என்பது எனக்குப் பார்க்காமலே தெரியும். அவளிடம் உண்மையைச் சொன்னேன்: நாளைக் காலை பத்து மணிக்கு அவனுக்குச் செய்தி போகும், இந்தக் கடையின் பெயரோடு, நீ வந்த நேரத்தோடு.

"பத்து மணிக்கா?" என்று கேட்டாள். பிறகு எழும்பூரிலிருந்து காலையில் முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அதை மட்டும் பார்த்துச் சொன்னேன்.